அடையாற்றின் சேறு

தை மாதக் காலை ஒன்றில், சென்னையில் அடையாற்றைக் கடக்கும் திரு.வி.க. பாலத்தின் கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம், நீர் வற்றி வெளியே தெரிந்த சேற்றுத் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நெரிசலில் சிக்கி நின்ற மாநகரப் பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு சிறுமி, "அம்மா, சாக்கடையில எவ்ளோ கொக்கு பாரேன்!" என்று கூவினாள். நான் திரும்புவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. அந்தச் சிறுமிக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் அன்றிலிருந்து மனத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் பார்த்தது சரிதான், கொக்குகள் நிறையவே இருந்தன. அவை அங்கே வந்து நின்றதற்குக் காரணம், அவள் சாக்கடை என்று நினைத்த அந்தக் கருஞ்சேறு.

அடையாறு நீண்ட ஆறு அன்று. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கும் வரை அதன் நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். மலையில் பிறக்காமல் ஏரிகளின் உபரிநீரில் பிறக்கும் ஆறு என்பதால் இதற்குச் செங்குத்தான கரைகளோ பாறைகளோ கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை பரவுமோ அதுவரை இதன் பள்ளத்தாக்கு என்று கொள்ள வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து வழியும்போது அந்த நீரும் திருநீர்மலை அருகே இதில்தான் வந்து சேர்கிறது.

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அறிவார்கள். திருமங்கையாழ்வார் வந்தபோது குன்றைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. நீர் அவ்வளவு காலம் தங்கியதாகச் சொல்லப்படும் தாழ்நிலத்தில் இன்று வீட்டு மனைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தப் பக்கம் போனால் பழைய ஆறு இன்னும் கண்ணில் படும். கரையோரம் கோரையும் சம்பும் ஆளுயரம் வளர்ந்திருக்கும். நாணல் வெள்ளைப் பூவெடுத்துக் காற்றில் சாயும். எஞ்சியிருக்கும் பனைமரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டித் தொங்கவிட்டிருக்கும். சம்புப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி, நெற்றியிலும் அலகிலும் சிவப்போடு, தண்டைக் காலால் பற்றிப் பிடித்துத் தின்னும் அழகை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. நாமக்கோழியும் முக்குளிப்பானும் நடுத்தண்ணீரில் இருக்கும். உப்பு எட்டாத இந்த மேல்பகுதி முழுக்க ஏரிக்கரை வாழ்க்கைதான். ஆற்றங்கரையில் நிற்கிறோம் என்பதே சில இடங்களில் மறந்துபோகும்.

அதற்குக் கீழே, விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டுக் கடக்கும் இடத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, சொல்வதற்கு மகிழ்ச்சியானவை குறைவு. கழிவுநீர் கலக்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது. ஆக்சிஜன் குறைந்த அந்த நீரில் ஜிலேபி என்று நம் மீன்கடைகளில் சொல்லும் அந்நிய மீன் மட்டும் செழிக்கிறது. குருட்டுக் கொக்கு ஆகாயத்தாமரை மெத்தையின் மேல் கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்து அந்த ஜிலேபிக் குஞ்சுகளைப் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருக்கும் பறவை, எழுந்து பறக்கும் நொடியில் முழு வெள்ளையாக மாறுவதைச் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்திலிருந்து எந்த நாளும் பார்க்கலாம்.

எங்கள் வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முதல் தளத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீரும், வழியிலிருந்த மற்ற ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் சேர்ந்து ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்த இரவில் இந்த நகரம் இழந்தவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் படிக்கட்டில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வழவழப்பான வண்டல் படிந்திருந்தது. அதன் மேல் சின்னச் சின்னக் கெளுத்திகள் துடித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் படியில், மஞ்சள் உடலில் கறுப்புக் கட்டங்கள் போட்ட ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அதற்கு நஞ்சு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கீழ்வீட்டுப் பெரியவர்தான், "பயப்படாதேம்மா, இது ஆத்துல தவளை புடிக்கிற பாம்பு, நம்மள ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, துடைப்பக் குச்சியால் மெல்ல ஒதுக்கித் தோட்டத்துப் பக்கம் விட்டார். நான் அத்தனை வருடம் பாலத்தின் மேல் கடந்து போயிருந்த ஆற்றில் என்னென்ன வாழ்கின்றன என்று கேட்கத் தோன்றியது அன்றுதான். அடுத்த ஆண்டிலிருந்து, முடிந்த ஞாயிறுகளில், கழிமுகம் வரை நடந்து போய் வருகிறேன்.

ஆற்றின் உண்மையான செல்வம் இருப்பது திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கேதான். சென்னைக் கடலில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வேறுபாடு இருக்கும். ஆனால் கழிமுகம் தட்டையான நிலம் என்பதால், அந்த ஒரு மீட்டர் நீர் இறங்கினாலே பரந்த சேற்றுவெளி வெளியே வந்துவிடும். ஆறு மேலிருந்து கொண்டுவரும் வண்டலும் கடல் உள்ளே தள்ளும் உப்புநீரும் இங்கே சந்திக்கின்றன. உப்பு பட்டவுடன் நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே படியும். நன்னீரில் இறங்காத துகள்கூட இங்கே இறங்கிவிடும். கழிமுகச் சேறு இத்தனை மென்மையாகவும் இத்தனை ஆழமாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரும் காரணம்.

அந்தச் சேற்றை ஒரு முறையேனும் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீர் இறங்கிப் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், வளைகளின் வாயில் ஒவ்வொன்றாக நண்டுகள் தலை காட்டும். நகத்தின் அளவே உள்ள நண்டுகள் அவை. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். அதை மேலே தூக்கி, இறக்கி, மறுபடியும் தூக்கி, யாரையோ கைகாட்டிக் கூப்பிடுவதைப் போல ஆட்டும். பெண் நண்டுகளை அழைப்பதற்கும் பக்கத்து ஆணை எச்சரிப்பதற்கும் அது பயன்படுகிறது. சாப்பாட்டுக்கு அந்தப் பெரிய கொடுக்கு உதவாது. மறுபுறமுள்ள சின்னக் கொடுக்கால் சேற்றை வாரி வாயில் வைத்து, அதிலிருக்கும் பாசியையும் நுண்ணுயிர்களையும் மட்டும் சலித்துத் தின்றுவிட்டு, மீந்த மண்ணைக் கடுகளவு உருண்டையாக்கிக் கீழே வைக்கும். அரைமணி நேரத்தில் ஒவ்வொரு வளையைச் சுற்றியும் அந்த உருண்டைகள் கோலப்புள்ளி வைத்ததைப் போலப் பரவிவிடும். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் கரைந்துபோகும். வளைகள் வழியே சேற்றுக்குள் காற்று இறங்குகிறது. காற்று இல்லாமல் கறுத்து அழுகும் மண்ணுக்கு இந்த நண்டுகள்தான் உழவர்கள்.

நண்டுகளுக்கு இடையே திடீரென்று ஏதோ துள்ளும். தவளை என்றுதான் முதலில் நினைத்தேன். அது உளுவை இனத்தைச் சேர்ந்த ஒரு மீன். சேற்றின் மேல் துடுப்புகளை ஊன்றி நடக்கும், வாலைச் சுண்டித் துள்ளும். கண்கள் இரண்டும் தலையின் உச்சியில் புடைத்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒரு கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே நீட்டும். பார்ப்பதற்குக் கண் சிமிட்டுவது போலவே இருக்கும். ஈரத்தோலின் வழியாகவும், செவுள் அறைக்குள் தேக்கி வைத்த நீரின் உதவியாலும் மூச்சுவிடுவதால், தோல் உலராத வரை அதற்குத் தரையிலும் வாழ்க்கை உண்டு. உலரப் போகிறது என்று தோன்றினால் பக்கவாட்டில் புரண்டு சேற்றை உடம்பில் பூசிக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று ஐந்தாறு முறை அப்படிப் புரண்டது. நாம் அருவருப்பது அதற்கு உடுப்பாக இருக்கிறது.

பறவைகள் இதற்காகத்தான் வருகின்றன. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்கள் ஒரே சேற்றைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்தைக் கவனித்துப் பார்த்தால், மனிதர்களின் பாகப்பிரிவினையைவிடச் சீராக இருக்கும். குட்டை அலகு கொண்ட கொசு உள்ளான் மேற்பரப்பில் மட்டும் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல விரைவாகக் குத்தும். பட்டாணி உள்ளான் ஓடும், நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். நீண்ட அலகுள்ளவை சேற்றின் ஆழத்தில் இருக்கும் புழுவைத் துழாவும். நெடுங்கால் உள்ளான், ரோஜா நிறக் கால்களோடு, மற்றவை இறங்க முடியாத ஆழத் தண்ணீரில் நின்றுகொள்ளும். இது வலசைக்குக் காத்திராமல் ஆண்டு முழுவதும் கண்ணில் படுகிற பறவை. நாரைகளுக்கு மடவை மீன் போதும். மடவை சேற்றின் மேல் படியும் பாசியையும் மக்கையும் மேய்ந்து வளரும் மீன். அந்தி நேரத்தில் கூட்டமாகத் தண்ணீரைவிட்டுத் துள்ளும் சத்தம், முகத்துவாரத்தருகே இடிந்து நிற்கும் உடைந்த பாலம் வரை கேட்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுவதைப் போல நேராக விழும். சில நாட்களில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வந்து இறங்கிவிடும். பொழுது சாய்ந்தபின் வக்காக்கள் கரை மரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் குரலெழுப்பிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும்.

சேற்றைப் பிடித்து வைத்திருப்பது கண்டல் மரங்கள். இங்கே அதிகம் காண்பது வெண்கண்டல். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசிய வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததைப் போல நூற்றுக்கணக்கான மூச்சு வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால், வேர் தன் மூச்சுக்காக வெளியே வந்து நிற்கிறது. நீர் இறங்கும்போது அந்த வேர்களின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். உப்பைச் சமாளிப்பதில் அந்த மரத்தின் வழி இன்னும் வியப்பானது. வேரிலேயே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மீறி வந்ததை இலையின் வழியே வெளியே தள்ளிவிடும். மழை பெய்யாத மாசி மாதத்தில் ஓர் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். நான் நாவில் வைத்துப் பார்த்தேன், ஊறுகாய்க்குப் போடும் கல்லுப்பின் சுவைதான். விதை மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடுவதால், நீரில் விழுந்தபின் தோலைக் கழற்றிவிட்டு மிதந்து போய், ஒதுங்கிய இடத்தில் சில நாட்களிலேயே வேர்விட்டு நின்றுவிடும். ஓதம் அடித்துச் செல்வதற்குள் ஊன்றிக்கொள்ள வேண்டிய அவசரம் அதற்கு.

இதற்கெல்லாம் அடிப்படை முகத்துவாரம் திறந்திருப்பது. ஓதம் குறைவாக இருப்பதால் மணலைத் தள்ளி வழியைத் திறந்து வைக்கும் வலிமை கடலுக்கு இங்கே கிடையாது. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயில் குவிந்துகொண்டே இருக்கும். ஆற்றில் வரத்து குறையும் கோடையில் அடைபட்டுவிடும். ஊரூர் குப்பத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இந்த வருஷம் வாய் சீக்கிரம் மூடிக்கிச்சா?" என்று ஒரு சித்திரை மாதத்தில் கேட்டேன்.

"மூடிக்கிச்சும்மா. மணல் ஏறிடுச்சு. மெஷினு வெச்சுத் தோண்டி விட்டாங்க, ஒரு வாரம் நின்னுது, மறுபடியும் மூடிக்கிச்சு."

"அப்போ எப்போ திறக்கும்?"

"ஆறு வந்து தொறந்தாத்தான் தொறந்ததும்மா. மழைக்குத்தான் காத்திருக்கணும்."

வாய் அடைபட்ட மாதங்களில் கழிமுகம் தேங்கிய குட்டையாகிவிடுகிறது. ஏற்றமும் வற்றும் நின்றுபோகும். சேறு வெளியே வராது. உள்ளான்களுக்கு வேலை இல்லை. கழிவுநீர் மட்டும் வந்து சேர்ந்துகொண்டிருக்கும். மிகவும் கொடுமையானது முதல் மழைக்குப் பிறகு நடப்பது. கோடை முழுவதும் வடிகால்களில் தங்கிய கழிவு ஒரே நாளில் ஆற்றுக்குள் அடித்து வரப்பட்டு, நீரிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்; சில ஆண்டுகளில் மடவைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை நெடுக ஒதுங்கிக் கிடக்கும். அப்படி ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன். காக்கைகளும் கள்ளப்பருந்துகளும் தவிர யாருக்கும் அதில் பயன் இல்லை. பெருமழை பெய்து ஆறு கரைபுரண்டு வாயை அகலத் திறந்துவிட்டபின் எல்லாம் மாறும். மேலிருந்து மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் உப்புநீர் பட்டு வாடி, பட்டினப்பாக்கம் கடற்கரையில் பழுப்புக் குவியலாக ஒதுங்கும். ஆட்களும் இயந்திரங்களும் மாதக்கணக்கில் அகற்ற முயலும் செடியைக் கடல் சில நாட்களில் கொன்றுவிடுகிறது.

வடகரையில், பழைய ஓடையைச் சார்ந்த 58 ஏக்கரில் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக் கிடந்த இடம் அது. அவற்றை அகற்றி, நீர் வரும் வழியைத் தோண்டி, கண்டலையும் உள்நாட்டு மரங்களையும் நட்டபின் உயிரினங்கள் தாமாக வந்து சேர்ந்தன. மண்ணைச் சரிசெய்து நீரை விட்டால் மற்றவை வந்துவிடும் என்று நான் நம்புவதற்கு அந்த இடம்தான் ஆதாரம். தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோட்டம் இருப்பதால், ஒரு பக்கத்துக் கரையாவது அடுக்குமாடிகள் இல்லாமல் தப்பியது. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்துவிட்டாலும், விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன.

1967இல் கட்டி 1977இல் இடிந்துபோன உடைந்த பாலத்தைத் தாண்டினால் மணல் தொடங்கிவிடும். அங்கே அடும்புக் கொடி, ஆட்டின் குளம்பைப் போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக, மணலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படர்ந்திருக்கும். நெய்தல் நிலத்துத் தலைவி தேர் வரும் வழியைப் பார்த்துக் காத்திருந்த காலத்திலிருந்து நம் பாட்டில் இருக்கும் கொடி அது. பக்கத்திலேயே இராவணன் மீசைப் புல். முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் விதைப்பந்து உலர்ந்ததும் அறுந்து, காற்றில் மணல் மேல் உருண்டு ஓடும். துரத்திப் பிடிக்க முயன்று கையில் குத்து வாங்கியிருக்கிறேன். தையிலிருந்து பங்குனி வரை இந்த மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிட்டுப் போகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவு நடை நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள்.

எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோட்டூர்புரம் பக்கம் ஒரு விடியற்காலையில், பெயர் எழுதாத லாரி ஒன்று பின்பக்கமாக வந்து கரையின் சேற்றில் கட்டட இடிபாடுகளைக் கவிழ்த்தது. நான் ஓடிப் போய்க் கேட்டபோது, "வெறும் சேறுதானேம்மா, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் ஓட்டுநர். புகார் எழுதிக் கொடுத்தேன்; இடிபாடுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அந்த ஓட்டுநர் சொன்ன அதே எண்ணம்தான், ஆற்றை அழகுபடுத்த வேண்டும் என்று நல்ல மனத்தோடு பேசுகிறவர்களிடமும் இருக்கிறது என்பது என் வருத்தம். கரை முழுக்கக் கான்கிரீட் சுவர், அதன் மேல் நடைபாதை, புல்தரை, விளக்குகள் என்று வரையப்படும் படங்களில் சேற்றுக்கு இடமே இருப்பதில்லை. கழிவுநீரை நிறுத்துங்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கழிவையும் சேற்றையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் சேர்த்து அகற்றினால், வலசை வரும் உள்ளானுக்கு இறங்க இடம் இருக்காது. சீமைக்கருவேலத்தையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளாமல், அந்த இடத்தில் பூவரசும் புங்கும் கண்டலும் ஆளுயரம் வளர்ந்தபின் பகுதி பகுதியாக எடுக்கலாம் என்பது என் கருத்து. இப்போதைக்கு வக்காக்களும் நீர்க்காகங்களும் இரவு தங்குவதற்கு அந்த முள்மரங்களைத்தான் நம்பியிருக்கின்றன.

லாரி கவிழ்த்த இடிபாடுகளுக்கு இடையே, ஒரு செங்கல்லின் பிளவில், சென்ற மார்கழியில் ஒரு வெண்கண்டல் கன்று முளைத்திருந்ததைக் கண்டேன். கழிமுகத்திலிருந்து ஏற்றத்தில் மிதந்து வந்த விதையாக இருக்க வேண்டும். அப்போது இரண்டு இலைகள் இருந்தன. போன ஞாயிறு பார்த்தபோது ஆறு. செங்கல்லைச் சுற்றிப் படிந்திருந்த சேற்றில், கடுகளவு உருண்டைகள் ஏழெட்டு கிடந்தன.